ஆகாயத்தில் ஒரு மணி நேரம், மலையில் மிச்சம்

கொழும்பிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானத்தில் போக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் ஆகும் என்று தெரிந்த அன்றே, பந்தலூரில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். "வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருப்போம், உலை வச்சிடுங்க" என்றேன்.

நான் பூகோள வாத்தியார். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில், வரைபடத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து ஊருக்கு ஊர் தூரம் அளக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடமுள்ள வரைபடத்தில் கோயம்புத்தூருக்கும் பந்தலூருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகமளவுதான் இடைவெளி. அந்த நகத்தைக் கடக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

போகவேண்டிய காரியம் பெரியது. அக்கா பூரணத்தின் ஒரே மகள் சுகன்யாவுக்கு ஞாயிறு காலை கலியாணம். நான் தாய்மாமன். அக்கா புருஷன் காலமாகிச் சில வருடம் ஆகிறது. அந்த வீட்டில் முன்னால் நிற்க வேறு ஆண் துணை இல்லை. "மாமா மாலை போட்டாத்தான் மணவறையில உக்காருவேன்" என்று பெண் வேறு சொல்லிவிட்டாள்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. இரண்டு அரசாங்கங்களும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜனங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்ட காலம் அது. அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டாருக்கு இந்தியா விழுந்தது, எங்கள் அப்பாவுக்கு இலங்கை. ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறிப் போனவள்தான். அப்புறம் சண்டை வந்து கப்பல் நின்றது. சண்டை ஓய்ந்தபோது எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் வந்தபோது பிள்ளைகளின் படிப்பு வந்துவிட்டது. இப்போது சில வருடங்களாக வீடியோவில் பேசுகிறோம். அக்காவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. எனக்குத் தெரிவதெல்லாம் அவளுடைய நெற்றியும், வீட்டுக்கூரையும், சில சமயம் மின்விசிறியும்தான்.

என் மனைவி தவமணிக்கு விமானம் புதிது. கொழும்புக் கட்டுநாயக்க நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கதிர்காமத்து முருகனிலிருந்து தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த கோயில்கள் ஏராளம். விமானப் பணிப்பெண் ஒரு பன்னும் சிறு டப்பாவில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். பன்னை நான் பிரிப்பதற்குள் அதே பெண் வந்து, இறங்கப் போகிறோம், மேசையை மடித்து வையுங்கள் என்றாள். பன்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தவமணி கண்ணைத் திறந்து, "அதுக்குள்ளயா? நான் இன்னும் கண்டியக்கூடத் தாண்டலயே!" என்றாள்.

கோயம்புத்தூரில் பெட்டியைச் சோதித்த அதிகாரி தேயிலைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

"எங்க போறீங்க?"

"நீலகிரி. பந்தலூர்."

"அங்க என்ன?"

"அக்கா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறாங்க."

அவர் பொட்டலங்களையும் என்னையும் பார்த்தார். "டீ எஸ்டேட்டுக்கு டீத்தூளா?"

"அவங்கதான் கேட்டாங்க சார்."

அடுத்ததாக மாசிக்கருவாட்டுப் பொட்டலத்தைத் திறந்தவர் உடனே மூடிவிட்டார். மேற்கொண்டு அவர் எதையும் சோதிக்கவில்லை.

வெளியே அக்கா சொல்லி அனுப்பியிருந்த ஜீப் நின்றது. ஓட்டுநர் மாணிக்கம் குன்னூர்க்காரர். வாட்டசாட்டமான ஆள், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. "வாங்க சார், வாங்கம்மா. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்று பெட்டிகளைத் தூக்கி வைத்தார்.

"பந்தலூர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"பக்கந்தானுங்க."

மாணிக்கத்திடம் தூரத்துக்கு இருந்தது இந்த ஒரே அளவுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மேட்டுப்பாளையத்தில் வண்டி ஒரு கடை முன்னால் நின்றது. மாணிக்கத்தின் மனைவியுடைய மாவரைக்கும் கிரைண்டர் அங்கே பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டிருந்ததாம். "ரெண்டு நிமிசமுங்க" என்று போனவர் கடைக்காரரோடு நெடுநேரம் வாதாடிவிட்டு, கிரைண்டரோடு வந்தார். பெட்டிகள் போக, பின்னால் இடமில்லை. அது தவமணியின் பக்கத்தில் மூன்றாவது ஆளாக ஏறியது. வளைவுகளில் உருளாமலிருக்க அவள் அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

பக்கத்துக் கடையில் பசியாறப் போனோம். எனக்குக் காலையில் பாண் சாப்பிட்டுப் பழக்கம். எங்கள் ஊரில் ரொட்டிக்குப் பாண் என்றுதான் பேர். கடைப் பையனிடம், "பாண் இருக்கா?" என்றேன்.

"இப்பவேவா? சாப்பிட்டதுக்கு அப்புறம் போடலாமுங்களே" என்றான்.

"இல்ல, பாண்தான் வேணும். பருப்பு இருந்தா அதோட குடுங்க."

அவன் முகம் ஒருமாதிரி ஆனது. முதலாளியிடம் போய்க் கிசுகிசுத்தான். பிறகு தெருமுனைக்கு ஓடி, ஒரு வாழையிலைத் துண்டில் இனிப்பு பீடாவும், கிண்ணத்தில் சாம்பார்ப் பருப்பும் கொண்டுவந்து பயபக்தியோடு வைத்தான். தவமணி சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்தவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். இட்லி சாப்பிட்டோம். இட்லி நன்றாக இருந்தது. பீடாவையும் வீணாக்கவில்லை.

கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாக்குமரங்கள், மறுபக்கம் பள்ளம். எங்கள் ஊர்க் கடுகண்ணாவைக் கணவாய் நினைவுக்கு வந்தது. ஆனால் எங்கள் ஊர்ச் சாலை வளைந்தால் கொஞ்ச தூரம் நேராக ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு வளையும். இது விடாமல் வளைந்தது. மூன்றாவது கொண்டை ஊசியில் தவமணி, "ஏங்க, தலை சுத்துது" என்றாள்.

"ஹட்டன்ல பொறந்து வளர்ந்தவ, மலையில தலை சுத்துதுன்னா யாராவது நம்புவாங்களா?"

"நம்ம மலை சுத்தாது. இது ஊரான் மலை" என்று கிரைண்டரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பர்லியாறுக்குச் சற்று மேலே வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே எங்கோ மரம் விழுந்திருக்கிறது என்றார்கள். மே மாதம், ஊட்டியில் சீசன். மலர்க்கண்காட்சி பார்க்கப் புறப்பட்ட குடும்பங்கள் எல்லாம் சாலையிலேயே பாய் விரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட ஆரம்பித்தன. ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள் சீட்டு விளையாடினார்கள். மாணிக்கம் முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மரம் வெட்டறதுக்கு ஆளு வந்துட்டே இருக்காங்களாமுங்க. பக்கத்துல வந்துட்டாங்களாம்" என்றார். பக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.

அங்கேதான் குரங்குகள் வந்தன. வரிசையாக ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு, சுங்க அதிகாரிகள் மாதிரியே நிதானமாக வந்தன. தவமணி சன்னலை மூடுவதற்குள் ஒன்று கையை விட்டு, அவள் மடியிலிருந்த பையைப் பிடித்தது. உள்ளே அக்காவுக்காக அவளே கிண்டி எடுத்துவந்த தொதல் இருந்தது. அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறிய அல்வா. ஒரு பகல் முழுக்கக் கிளறியது. தவமணி விடவில்லை. குரங்கும் விடவில்லை. பை கிழிந்தது. தொதல் குரங்குக்கும், கைப்பிடி தவமணிக்குமாகப் பிரிந்தன.

குடையோடு இறங்கித் துரத்தினாள். சற்றுமுன் தலைசுற்றலில் கிடந்தவள் அவள்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள். சீட்டாடியவர்கள் எழுந்து நின்று உற்சாகப்படுத்தினார்கள். குரங்கு தடுப்புச்சுவரில் உட்கார்ந்து ஒரு கை எடுத்து வாயில் போட்டது. தொதல் பல்லில் ஒட்டும். அதன் வாய் ஒட்டிக்கொண்டது. மேலும் கீழுமாகத் தாடையை அசைத்துப் பார்த்து, பயந்துபோய், பொட்டலத்தை எங்களை நோக்கியே வீசிவிட்டு மரத்தில் ஏறியது. அதற்குள் இன்னொரு குரங்கு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது.

"கருவாட்டத் தொடல பாருங்கம்மா" என்று ஆறுதல் சொன்னார் மாணிக்கம். "அந்த வாசத்துக்குக் குரங்கே பக்கத்துல வராதுங்க."

மரத்தை அப்புறப்படுத்தி வண்டிகள் நகர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குன்னூருக்கு வந்ததும் மாணிக்கம் ஓரங்கட்டினார். "இனி நடுவட்டம் எறக்கத்துல இருட்டோட போறது நல்லாருக்காதுங்க சார். நம்மூட்டுல தங்கீட்டு வெடியால கெளம்பிரலாமுங்க."

மாணிக்கத்தின் போனை வாங்கி அக்காவை வீடியோவில் அழைத்தோம். போனை அவள் எப்படிப் பிடித்திருந்தாளோ, ஒரு காதும் சுவரில் மாட்டிய காலண்டரும் தெரிந்தன. "மத்தியானத்துக்கு வச்ச உலைடா. இப்ப சோத்துல தண்ணி ஊத்திட்டேன். நாளைக்குக் காலையில கஞ்சி குடிக்கவாவது வருவியா?" என்றாள்.

மாணிக்கத்தின் வீட்டில் அவர் மனைவி கிரைண்டரைத்தான் முதலில் வரவேற்றாள். அதைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, இத மடியிலயா வச்சுட்டு வந்தீங்க? கர்மமே!" என்று கணவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, சுடச்சுடத் தேநீரும் வர்க்கியும் வைத்தாள். வர்க்கி என்பது அந்த மலையில் செய்கிற, அடுக்கடுக்காக உதிர்கிற ஒரு ரொட்டி. நான் பிளேன்டீ கேட்டதற்கு, பாலில்லாத தேநீரை விருந்தாளிக்கு எப்படிக் கொடுப்பது என்று அவள் கண் கலங்கிவிட்டாள். ஊரில் பால் இல்லையா, அவ்வளவு கஷ்டமா என்று தவமணியிடம் தனியாகக் கேட்டாளாம். மறுவார்த்தை பேசாமல் பால் தேநீரைக் குடித்தேன்.

சனிக்கிழமை விடியலிலேயே புறப்பட்டோம். ஊட்டி நகரம் விழிப்பதற்குமுன் கடந்துவிடலாம் என்பது மாணிக்கத்தின் கணக்கு. ஆனால் சீசனில் ஊட்டி தூங்குவதில்லை. எங்கள் நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் குதிரையும் பொம்மைக் கடையுமாக இருக்கும். அதைப் பத்து மடங்கு ஊதிவிட்டால் இது. ஏரிப்பக்கம் ஒரு குதிரை எங்கள் ஜீப்பின் சன்னலுக்குள் தலையை விட்டு என்னை முகர்ந்தது. குதிரைக்காரர், "ஒரு ரவுண்டு போறீங்களா சார், அஞ்சே நிமிசம்" என்றார். எங்கள் ஜீப்பைவிட அது சீக்கிரம் போகும் என்று தோன்றியது.

பைக்காராவில் படகுக்கு நின்ற கூட்டத்தின் நடுவே ஊர்ந்து வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நடுவட்டத்தில் மூடுபனி இறங்கி முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. இறக்கத்தில் பாதி போயிருப்போம், ரப்பர் கருகும் வாசனை வந்தது. மாணிக்கம் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தார்.

"பிரேக்குங்க. ஆறுனாப் போதும், போயிரலாமுங்க."

"ஆறிட்டா பிரேக் பிடிக்குமா?" என்றாள் தவமணி.

மாணிக்கம் சற்று யோசித்தார். "பிடிச்சாலும் பிடிக்குமுங்க."

பின்னால் பந்தலூர் வழியாகப் போகும் அரசாங்க பஸ் ஒன்று வந்தது. தவமணி நடுச்சாலையில் நின்று குடையை விரித்துவிட்டாள். பஸ் நிற்காமல் வேறு வழியில்லை. மாணிக்கம் பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, "ஒண்ணும் கவலப்படாதீங்க. கூடலூர்ல இருந்து மெக்கானிக்க வரச்சொல்லிருக்கேன். முகூர்த்தத்துக்கு நான் வந்தர்றேன். நீங்க முன்னாடி போங்க. பக்கந்தானுங்க" என்று கையசைத்தார்.

பஸ்ஸில் தமிழும் மலையாளமும் படுகர் பேச்சும் கலந்து ஒலித்தன. எங்கள் இருக்கைக்கு அடியில் யாரோ ஒரு பெரிய பலாப்பழத்தை வைத்திருந்தார்கள். கூடலூர், தேவாலா என்று ஊர்கள் போயின. இரு பக்கமும் தேயிலை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகியது. அச்சு அசலாக எங்கள் தோட்டம். அதே கத்தரித்த வரிசைகள், அதே நிழல்மரங்கள், கொழுந்துக்கூடைக்குப் பதில் பைகள், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்காவைப் பார்த்துவிடுவேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பஸ் நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். நடத்துநர் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஆன" என்றார்.

நான் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

"ஆனா என்னங்க?" என்றேன்.

"ஆனதான்."

"அதான் கேக்கிறேன், ஆனா என்ன?"

முன்சீட்டு அம்மாள் திரும்பி, "சேட்டா, யானை! யானை நிக்குது ரோட்டுல!" என்றாள்.

நின்றது. ஒன்றல்ல, தாயும் குட்டியும் கூட ஒன்றுமாக. சாலையோரப் பலாமரத்தை உலுக்கிப் பழங்களை உருட்டி, நடுச்சாலையில் உட்காராத குறையாகப் பந்தி நடத்திக்கொண்டிருந்தன. காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் ஒருவர் தேயிலைக்குள்ளிருந்து வந்து, யாரும் இறங்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று சைகை காட்டினார்.

பஸ்ஸுக்குள் எல்லோரும் எங்கள் இருக்கையின் அடியில் பார்த்தார்கள். "அந்தச் சக்கைப்பழத்த மூடுங்க, வாசம் போகும்" என்று ஒருவர் கிசுகிசுத்தார். பழத்தின் சொந்தக்காரர் மேல்துண்டைப் போட்டு மூடினார். இன்னொருவர் மூக்கைச் சுளித்து, "சக்கை வாசமா இது? வேற ஏதோ..." என்றார். தவமணி கருவாட்டுப் பையை மெல்லத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

என் போன் அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. முன்சீட்டு அம்மாளின் போனை வாங்கி அக்காவை அழைத்தேன். பஸ் நிற்பதையும் காரணத்தையும் சொன்னேன். "எந்த எடம்?" என்று கேட்டாள். முன்சீட்டு அம்மாள் சொல்லிக்கொடுத்தாள். "அடப்பாவி, இங்கதான் பக்கத்துலயா இருக்க?" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் யானைகளுக்கு அந்தப்புறம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பச்சைச் சேலை கட்டிய, கட்டை குட்டையான ஒரு அம்மாள் இறங்கினாள். ஆட்டோக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். அவள் நெற்றியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னையறியாமல் எழுந்துவிட்டேன். தவமணி என் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நடுவுல யானை" என்றாள்.

முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு என் அக்கா அதோ நிற்கிறாள். எங்களுக்கு நடுவே ஒரு யானைக்குடும்பம் பலாச்சுளை தின்கிறது. கூப்பிட வாயெடுத்தேன். காவலர் விரலை உதட்டில் வைத்து முறைத்தார். முன்சீட்டு அம்மாளின் போன் அடித்தது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"டேய் லிங்கம், அந்த சன்னல்ல நிக்கிறது நீதானா?" அக்கா கிசுகிசுத்தாள். அந்தப்புறம் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பது தெரிந்தது.

"நான்தான்க்கா."

"முடியெல்லாம் எங்கடா?"

"போயிடுச்சுக்கா."

"பக்கத்துல யாரு, தவமணியா? கைய ஆட்டச் சொல்லு."

தவமணி கையை ஆட்டினாள். குட்டியானை திரும்பிப் பார்த்தது. காவலர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கஞ்சியும் போச்சு" என்றாள் அக்கா. "பெரட்டுக்கு நேரஞ்செண்டு வந்தவன் மாதிரி வந்து நிக்கிற." பெரட்டு என்பது எங்கள் தோட்டங்களில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பது. அந்த வார்த்தையை அங்கிருந்து கொண்டுபோய் இத்தனை வருடம் அப்படியே வைத்திருந்தாள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே நின்றோம். முன்சீட்டு அம்மாளும் போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

பழங்கள் தீர்ந்ததும் யானைகள் தேயிலைக்குள் இறங்கின. குட்டி மட்டும் ஒருமுறை திரும்பி வந்து, கீழே கிடந்த ஒரு பலாத்தோலை எடுத்துக்கொண்டு போனது. காவலர் விசில் கொடுப்பதற்குள் நான் இறங்கி ஓடினேன். அக்காவும் ஓடிவந்தாள். நடுச்சாலையில், மிதிபட்ட பலாச்சுளைகளின் மேலே, வழுக்கி விழாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம். அவள் என் தோள் உயரம்தான் இருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "பிளேன்ல எம்புட்டு நேரம்டா ஆச்சு?"

"ஒரு மணி நேரம், கொஞ்சம் மேல."

அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ரயில்ல வந்து, கப்பல்ல வந்து, மண்டபம் முகாம்ல கெடந்து, லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து எறக்குறப்ப, ஏதோ பூமியோட அந்தக் கடைசிக்கு வந்துட்டேன்னு நெனச்சேன். அம்மா செத்தப்பகூட அவ்வளவு தூரம் எப்படிப் போறதுன்னுதான் அழுதேன். ஒரு மணி நேரந்தானாடா?"

வரைபடத்தை வைத்து எத்தனையோ பிள்ளைகளுக்குத் தூரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அக்காவின் சேலையில் ஒட்டியிருந்த பலாச்சுளையை எடுத்துப் போட்டேன். தவமணிதான் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, தொதல் கொண்டாந்தேன். குரங்கு தின்னுருச்சு" என்றாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து, இரண்டும் சேர்ந்து விக்கல் பிடித்துக்கொண்டது. பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

கலியாணம் நன்றாக நடந்தது. கோயில் மண்டபத்தில் சுகன்யாவுக்கு மாலை போட்டேன். மாலை அவள் ஜடையில் சிக்கிக்கொள்ள, மாப்பிள்ளையே அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. மாணிக்கம் முகூர்த்தத்துக்கு வரவில்லை. பந்தியில் பாயசம் ஊற்றும்போது சரியாக வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா நான் கொண்டுபோன தேயிலையில் பெரிய கேத்தலில் பிளேன்டீ போட்டாள். பக்கத்து லயத்து வரிசைவீடுகளிலிருந்து, அங்கே சிலோன்காரர்கள் என்று பேர் வாங்கிய பெண்கள் எல்லாம் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். நாள் பூராவும் தேயிலைக்கு நடுவே வேலை செய்கிறவர்கள். ஒருத்தி கோப்பையை மூக்கருகே வைத்து, "இது தலவாக்கலைப் பக்கத்துக் கொழுந்து" என்று அடித்துச் சொன்னாள். இன்னொருத்தி, இல்லை, மஸ்கெலியா என்றாள். சண்டை முற்றியது. அது கொழும்பில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடையில் வாங்கியது என்பதை நானும் தவமணியும் சொல்லவில்லை.

புதன்கிழமை திரும்பினோம். பிரேக் சரியாகிவிட்டது என்று மாணிக்கம் சத்தியம் செய்தார். அக்கா பந்தலூர் கடைத்தெரு வரைக்கும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறினாள். கடைத்தெரு வந்தது. "கூடலூர்ல எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள். கூடலூரில் இறங்கவே இல்லை. ஊட்டியில் குளிர்கிறது, இங்கே எப்படி இறங்குவது என்றாள். அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் மறிக்காமல், எதுவும் விழாமல், அந்த மலை அன்றைக்குப் பார்த்து வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிரிந்து போகும்போதுதான் அவ்வளவு பக்கம்.

விமான நிலையத்து வாசலில் காவலுக்கு நின்றவர், டிக்கெட் இல்லாதவர்கள் அதற்குமேல் வரக்கூடாது என்றார். "தம்பிங்க. ஒரு மணி நேரத்துலதான் இருக்கான்" என்று அவரிடம் விளக்கினாள் அக்கா. அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கண்ணாடிக் கதவின் ஓரத்தில் நின்றுகொள்ள இடம் விட்டார்.

மாணிக்கத்துக்குக் கோயம்புத்தூரில் வேறு சவாரி இருந்தது. அக்காவை மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். விமானத்தில் இந்தமுறை தவமணி பன்னைத் தட்டோடு கையில் வாங்கி, பணிப்பெண் திரும்புவதற்குள் தின்று முடித்தாள்.

கட்டுநாயக்கவில் இறங்கிப் போனை உயிர்ப்பித்ததும் மணி அடித்தது. திரையில் பஸ் ஸ்டாண்டின் தகரக்கூரை தெரிந்தது.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டோம்க்கா. பெட்டிக்காக நிக்கிறோம்."

"கடலத் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"மேட்டுப்பாளையத்துலதான்டா. ஊட்டி பஸ் இன்னும் வரல."

கூரை ஆடியது. பிறகு போனைத் திருப்பினாளோ, யாராவது திருப்பிக் கொடுத்தார்களோ, அவள் முகம் முழுசாகத் திரையில் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லிங்கம், இங்க பக்கத்துல ஒரு தம்பி நிக்கிறாரு. பாஸ்போர்ட்டுக்கு எங்க எழுதிப் போடணும்னு அவருக்குத் தெரியுமாம். கேட்டுட்டு வர்றேன், பஸ் வந்தாலும் வரட்டும்" என்று போனை வைத்தாள்.